ஸ்பெஷலிஸ்ட் இறுக்கிய வண்டி

வேகமுள் ஐம்பதைத் தொட்டால் போதும், கைப்பிடி பேய் பிடித்ததுபோல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைப்பாள். பின்னால் கட்டிய பெட்டிக்குள் ஐஸ் பைகளுக்கு நடுவே நாற்பது பேருடைய ரத்தம் கண்ணாடிக் குழாய்களில் குலுங்கும். ஒன்பது வருடமாகக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, ரத்த மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் அவள். போகிற இடமெல்லாம் அவளுக்கு ‘ரத்தக்காரம்மா’ என்றுதான் பெயர்.

இருபத்திரண்டு வயதான அந்த வண்டிக்கு வைத்தியம் பார்த்தவன் அவளுடைய கொழுந்தன். பட்டறை வாசலில் ‘சகலவித ஆட்டங்களுக்கும் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பலகை மாட்டியிருந்தான். தெருவும் அவனை ஸ்பெஷலிஸ்ட் என்றே கூப்பிட்டது. கேலியாகத்தான், அது அவனுக்கு மட்டும் புரியவில்லை.

தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் வைத்தியர்கள் உண்டல்லவா? அந்த ஜாதி அவன். எந்த வண்டி ஆடினாலும் பெட்டி கிட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டுவான். பிறகு கைப்பிடிக்கு அடியில் இருக்கும் கோன் செட் நட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. கைப்பிடி திரும்புவதற்காக இருக்கும் அந்த நட்டு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுகும். அவள் மூன்று மாதத்தில் ஆறு முறை போனாள். ஆக மொத்தம் பன்னிரண்டு தட்டு.

ஏழாவது முறை அவன் உளியைக்கூட எடுக்கவில்லை.

“அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. உங்க கைதான் நடுங்குது.”

“என் கையா?”

“வயசாகுதுல்ல? இனிமே வீட்டோட இருங்களேன்.”

அவளுக்கு நாற்பத்து மூன்று. அவனுக்கு நாற்பத்து ஒன்று. இவன் வாயில் வயசு என்ற வார்த்தை!

துணிக்கடையில் மேலாளராக இருந்த அவள் கணவர், வீட்டையும் மேலாளராகவே நடத்தி வந்தார். தம்பி சொன்னதைக் கேட்டதும் சோற்றில் கை வைத்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டார். “ஞாயித்துக்கிழமை வண்டியப் பாக்க ஆள் வராங்க. வித்துடலாம். வேலையையும் விட்டுடு. நீ எங்கயாவது விழுந்து வச்சா யாரு பாக்கிறது?”

அன்பாம்! இந்த அன்புக்குப் பயந்தே எத்தனை பெண்கள் எத்தனை வேலையை விட்டிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்பதுகூட அவளை அவ்வளவாக அழவைக்கவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, விரல்களை விரித்து வைத்து, இது உண்மையிலேயே நடுங்குகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் ஓட்டும்போது ஒன்று உறைத்தது. காலையில் பெட்டி காலியாகப் போகும்போது வண்டி லேசாகத்தான் அலைகிறது. ஐஸும் குழாயுமாக நிறைந்து திரும்பும்போதுதான் பேயாட்டம். கையில் கோளாறு என்றால், கை பெட்டியின் கனத்தையா பார்த்து நடுங்கும்? கனம் ஏறுவது பின்னால். அப்படியென்றால்?

ஞாயிறு காலை முற்றத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினாள். தானாக இருபுறமும் சாய வேண்டிய கைப்பிடி நடுவிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு தட்டின் புண்ணியம். கட்டையை உருவியதும் பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாள்.

டக்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் விரலை வைத்து மறுபடி அசைத்தாள். இடுக்கு திறந்து மூடுவது விரலிலேயே தெரிந்தது. உள்ளே அந்த மூட்டை ஆடாமல் பிடித்துவைக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து போயிருந்தது.

வண்டி வாங்க வந்தவரோடு கொழுந்தனும் வந்து நின்றான். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“தம்பி, இங்க விரல வைங்க.”

“எதுக்கு அண்ணி? ஆடுறது முன்னாடிதான?”

“நாய் குரைக்கிறது வாயிலதான். மிதிபட்டது வால்னா எங்க மருந்து போடுவீங்க?”

வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். கொழுந்தன் வேண்டா வெறுப்பாக விரலை வைத்தான். அவள் சக்கரத்தை அசைத்தாள். அவன் முகம் ஈயம் பூசாத பாத்திரமாகக் கறுத்தது.

“இது... ரொம்ப அபூர்வமா வர்ற கோளாறு அண்ணி.”

“அபூர்வத்துக்குத்தான ஸ்பெஷலிஸ்ட்? உள்ள புதுப் புஷ் போடுங்க. நீங்க இறுக்கினதையும் தளத்துங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

“இவ்வளவு தூரம் வந்தவரு...” என்று கணவர் இழுத்தார்.

“வண்டி விக்கிறதுக்கு இல்ல. அவருக்கு ஒரு காபி குடுத்து அனுப்புங்க.”

மாலையில் பெட்டி நிறையத் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினாள். ஐம்பது. அறுபது. அறுபத்தைந்து. வண்டி கோடு போட்டாற்போல் போனது. அவள்தான் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே போனாள்.

திங்கட்கிழமை காலை. கொழுந்தன் வாசலில் நின்று அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தான். “எனக்கு அன்னிக்கே சந்தேகந்தாண்ணே. அண்ணி பயந்துடக் கூடாதேன்னுதான் சொல்லல.” அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை. ஏழு மணிக்கு முதல் கிளினிக்கில் இருக்க வேண்டும். வழியை மறித்து நின்ற இருவரையும் பார்த்து ஒரு ஹாரன் அடித்தாள்.