கீச்சொலி

வயலின் கற்றுக்கொள்ள ஒருத்திக்கு என்ன காரணம் இருக்கும்? ஆசை என்பீர்கள், பொழுதுபோக்கு என்பீர்கள். பயம் என்று உங்களில் ஒருவராவது சொல்வீர்களா?

நெசவாலையில் அவளுக்கு ‘ரேடியோ அக்கா’ என்று பட்டப்பெயர். தறிகள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. எல்லோரும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அந்த ஊமைப் பேச்சில் வாய் ஓயாதவள் அவள். உதட்டைப் பார்த்தே பேசுவதால் அங்கே யாருக்குக் காது போனாலும் வெளியே தெரியாது.

ஒருநாள் வீட்டில் குக்கர் விசிலடித்து அடிப்பிடித்தது. அவள் அடுப்புக்கு எதிரேதான் நின்றிருந்தாள். விசில் அவள் காதில் விழவே இல்லை. ஆலை மருத்துவரிடம் போனால் மேலாளர் காதுக்கு எட்டிவிடும். காது மந்தமானவளை மறுநாளே வீட்டுக்கு அனுப்புவார்கள். இரைச்சலில் முதலில் போவது உச்ச ஒலிதான் என்று கேள்விப்பட்டிருந்ததால், தன் காதைத் தானே சோதித்துக்கொள்ள நல்ல உச்ச ஒலி தரும் கருவியாகத் தேடினாள். தையற்கடை மாடியில், தன்னைவிட இளையவளான ஒரு வயலின் ஆசிரியையிடம் சேர்ந்தாள்.

“அக்கா, வில்லை அழுத்தாதீங்க. கீச்சுங்குது பாருங்க.”

கீச்சு கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் வந்தது. வீட்டிலும் விடாமல் இழுத்தாள். “அடியே, பூனை வாலை மிதிச்சிட்டியா?” என்பான் கணவன். அவள் சிரிப்பாள்.

சில மாதங்கள் போயின. ஒரு மாலை, மெல்லிய தந்தியில் வில்லை இழுத்தாள். கீச்சு இல்லை. மறுபடி இழுத்தாள். வழவழவென்று வந்தது.

“வந்திருச்சுங்க! சுத்தமா வந்திருச்சு!” என்று துள்ளித் திரும்பினாள்.

வாசலில் கணவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். “நிறுத்துடி, பல்லு கூசுது” என்றன அவன் உதடுகள்.

வில்லைக் கீழே வைத்தாள். சுருதி தேறவில்லை. காதுதான் போய்க்கொண்டிருந்தது.

ஆலையில் தன்னைப்போல் இன்னும் எத்தனை பேரோ என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தாள். விடிந்ததும் வயலினை ஆலைக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு நேரம், தறிகள் நின்றிருந்தன.

“எல்லாரும் சுவரைப் பாத்து நில்லுங்கடி. சத்தம் கேட்டா கையத் தூக்குங்க.”

“என்னக்கா, கச்சேரியா? டிக்கெட் உண்டா?”

வேண்டுமென்றே அழுத்தி இழுத்தாள். தாடை எலும்பு அதிர்ந்தது. இரண்டொரு கைகளே உயர்ந்தன. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி பொறுமையில்லாமல் திரும்பினாள்.

“எப்பக்கா ஆரம்பிக்கப் போறீங்க?”

யாரும் சிரிக்கவில்லை.

காது மந்தமானால் வயதாகிவிட்டது என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். அந்தப் பெண்ணுக்கு என்ன வயதாகிவிட்டது? நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிறார்கள். காது அறுந்தால் நிறுத்துவதில்லை. சில்லறைக்குக் கிடைக்கும் காதடைப்பானைக்கூட வாங்கித் தராதவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது.

நாளைக் காலை அவர்கள் எல்லோரும் மேலாளர் அறை முன் நிற்கப் போகிறார்கள்: காதடைப்பான் வேண்டும், பரிசோதனை வேண்டும், காது போனவளுக்கும் வேலை வேண்டும். முன்னால் நிற்கப்போகிறவள் அவள்.  தனியாக நிற்பவளைத் துரத்துவது எளிது என்று அவளுக்குத் தெரியும்.

உங்கள் தெருக்கோடியிலும் இப்படி இரையும் ஒரு கொட்டகை இருக்கும். அங்கே ஒருத்தி நியாயம் கேட்கப் போகும் நாளில், நீங்களும் போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள்.