இன்னும் நாலு கட்டம்

எட்டு சிடி டிரைவ்களின் தட்டுகளில் ஏழு வெளியே வந்துவிட்டன. எட்டாவது மட்டும் விரற்கடை அளவு நீண்டு முனகிக்கொண்டு நிற்கிறது. "வாடா, வெக்கப்படாத" என்று விசைப்பலகையில் அதே கட்டளையை இன்னொரு முறை தட்டுகிறார் அக்கா. வருகிறது. எட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, மூடிக்குங்க" என்று வேறொரு வரியைத் தட்டுகிறார். எல்லாம் உள்ளே போகின்றன. காலை ஏழு இருபது. இனிமேல்தான் அவர் தலை வாரிக்கொள்வார்.

சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில், செருப்பு வைப்பதற்காக வாங்கிய அலமாரியில் இருக்கின்றன அந்த எட்டு சிடி டிரைவ்களும். ஒரு டிரைவின் பொத்தானையும் அவர் விரலால் அமுக்க மாட்டார். "பட்டனை அமுக்கித் திறந்தா அது டிரைவோட கெட்டிக்காரத்தனம். நான் சொல்லி அது திறந்தாத்தான் நான் எழுதினது சரியா இருக்குன்னு அர்த்தம்." தினமும் திறந்து மூடாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வார் ஒட்டிக்கொள்ளுமாம்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுகிறார். பிற்பகல் முறை வேலை என்பதால் காலையில் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் வாயைத் திறந்தா மூடுங்கறா. அதுங்களை மட்டும் தினம் கெஞ்சிக் கெஞ்சித் திறக்கச் சொல்றா" என்றார் என்னிடம்.

"அதுங்க சொன்னா மூடிக்குது" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

அக்காவின் சம்பள வேலை கண்ணாடிக் கடையில். ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். கடையில் அவருக்கு 'சிடி அக்கா' என்று பெயர். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. சிடி விற்கிறார் என்று ஒருத்தி நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அவர் செய்வது இதுதான். பாட்டுக் கேட்கவோ படம் பார்க்கவோ பழைய கோப்புகளைக் காப்பாற்றவோ யாராவது ஒரு மென்பொருள் எழுதினால், அது சிடி டிரைவோடு பேச வேண்டும். தட்டைத் திற, மெதுவாகச் சுற்று, வட்டில் இத்தனையாவது கட்டத்தைப் படி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு டிரைவுக்கும் ஒவ்வொரு குணம். எல்லாவற்றின் குணத்தையும் அறிந்து, அந்தப் பேச்சு வேலையை மட்டும் செய்கிற ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. அதற்கு லைப்ரரி என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். முதலில் எழுதிய மனிதர் உடல்நலமில்லாமல் விலகியபோது, "யாராவது பார்த்துக்கொள்வீர்களா?" என்று இணையத்தில் ஒரு வரி எழுதிப் போட்டார். பதினொரு வருடமாக அக்கா பார்த்துக்கொள்கிறார்.

டிரைவ்களுக்கு உறவு முறையில் பெயர் வைத்திருக்கிறார். அலமாரியின் மேலடுக்கில் இருப்பது சித்தப்பா. எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, படித்துவிட்டேன் என்று சொல்லும். பாதி பொய். படிக்க முடியாத கட்டத்தில் சுழியமாக நிரப்பி நீட்டிவிடும். அதற்குக் கீழே மாமியார். ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பும். "இது எனக்குச் சரியாத் தெரியலை" என்று கட்டத்தின் எண்ணோடு புகார் சொல்லும்.

"தெரியலைன்னு சொல்றதை நம்பலாம் தம்பி. நமக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ரொப்பிக் குடுக்குது பாருங்க, அதுதான் ஆபத்து" என்றார் ஒருநாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

சென்ற மாதம் என் மனைவிக்கு இருமல் நிற்காததால் ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு நிழல். "இது புதிதாக வந்ததா, பழையதா என்று தெரிய வேண்டும். எட்டு வருடம் முன்பும் இதே அளவில் இருந்திருந்தால் தொட வேண்டாம். இல்லையென்றால் அடுத்த மாதமே திறந்து எடுத்துவிடுவோம்" என்றார் டாக்டர். அவர் சொன்னது இந்த ஊர் மொழியில். அதை வெளியே வந்து மனைவிக்குத் தமிழில் சொல்லும்போது, திறப்பது, எடுப்பது இரண்டையும் விட்டுவிட்டு, "பழைய படத்தோட ஒத்துப் பாக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

பழைய படம் இருந்தது. எட்டு வருடம் முன்பு, இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால், ஒரு சின்ன விபத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேன். ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேற்று ஊரில் ஒரு காகிதம் குறைந்தால் என்னாகும் என்று அறிந்தவன் நான். எதையும் எறிவதில்லை. உறை மாற்றி, பெயர் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் கணினி 'காலி வட்டு' என்றது. மூன்று கடைகளில் காட்டினேன். மூவரும் அதையே சொன்னார்கள். எடுத்த ஸ்கேன் நிலையத்தையும் மூடிவிட்டிருந்தார்கள்.

இதை என் தம்பியிடம் தொலைபேசியில் புலம்பிக்கொண்டு கண்ணாடிக் கடையில் நின்றிருந்தேன். உள்ளே தேய்க்கும் இயந்திரம் நின்றது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"காலின்னு யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்தாங்க."

"அதுக்கென்ன தெரியும்" என்று கையை நீட்டினார். சிடியை நடுத்துளையிலும் விளிம்பிலும் மட்டும் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். "இந்தா பாருங்க, உள்பக்கம் நிறம் மாறியிருக்கு. எழுதியிருக்காங்க தம்பி. எழுதி முடிச்சு மூடாம எடுத்துட்டாங்க. புத்தகம் முழுக்க எழுதிட்டுப் பொருளடக்கம் போடாம எந்திரிச்சுப் போன மாதிரி. திறக்கறவங்க முதல் பக்கத்தைப் பாத்துட்டு வெத்துத் தாள்னு வச்சிடறாங்க."

நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. என்னது உள்ள?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம், சொல்லாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கறதில்லை. வந்துச்சா வரலையான்னு மட்டும் பாப்பேன்" என்றார். ஆனாலும் சொல்லிவிட்டேன். மனைவியிடம் மறைத்ததையும் சேர்த்து.

அப்படித்தான் நான் மறுநாள் காலையில் அந்தச் சின்ன அறையில் இருந்தேன். கடையில் லென்ஸை வட்டம் வட்டமாகத் துடைக்கும் அதே கை, இங்கே நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைத்தது. "அங்க சுத்தணும், இங்க சுத்தவே கூடாது. எழுத்து வட்டமா ஓடுது. துணி வட்டமாப் போய்க் கீறினா வரிசையா அத்தனையும் போயிடும்." மாமியாரின் தட்டில் வைத்தார். வேகத்தை ஆகக் குறைவாக வைக்கும்படி ஒரு வரி தட்டினார். பிறகு டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருந்தது.

"சுத்துது. நடுங்காமச் சுத்துது."

பொருளடக்கம் இல்லாத வட்டில் எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று மாமியாரிடமே கேட்டார். சிடியில் எழுதவும் தெரிந்த டிரைவ் என்பதால், மூடாமல் விட்ட குறிப்பு அதற்குத் தெரிந்தது. திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. கட்டம் கட்டமாக. நான் ஒவ்வொரு எண்ணையும் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பும் நேரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலையில் முடிந்தது. ஒரு பென்டிரைவும், கூடவே ஒரு சீட்டும் கொடுத்தார். சீட்டில் டாக்டருக்குப் புரிகிற மொழியில், அச்சு மாதிரிக் கையெழுத்தில் எழுதியிருந்தார். மூன்று லட்சத்துச் சொச்சம் கட்டங்களில் நான்கு மட்டும் வரவில்லை. கோப்புகளின் எண்ணை வைத்துப் பார்த்தால், அந்த நான்கும் ஸ்கேனின் அடுக்கடுக்கான படங்களில் 212-ஆவதில் விழுகின்றன. அதில் எட்டு வரிகள் கறுப்பாக இருக்கும். அது உடம்பில் உள்ளது அல்ல, வட்டில் இல்லாதது. அந்தப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

"சித்தப்பாகிட்ட குடுத்திருந்தா அந்த நாலையும் ஓசைப்படாம ரொப்பியிருக்கும். டாக்டர் கறுப்பைப் பாத்துட்டு என்னமோன்னு நினைச்சிருப்பாரு" என்றார்.

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். அவருடைய கணவர் வாயில் நுரையோடு சிரித்தார். "அவகிட்ட போய்க் கேக்கறீங்களே, காசு வாங்கற ஆளா அவ? அந்த லைப்ரரியில 'நன்றி'ன்னு ஒரு பட்டியல் இருக்கு. திட்டி எழுதினவன் பேரெல்லாம் அதுல இருக்கு."

"குறை சொல்றவங்க வேலையில பாதியை முடிச்சுட்டுத்தான் எழுதறாங்க" என்றார் அக்கா. "இந்த மூடாத சிடி சமாச்சாரம்கூட ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு எழுதினதுதான். நாலு வருஷம் முன்னாடி. அவரு திட்டலைன்னா இன்னிக்கு உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

யாரோ எங்கோ கோபத்தில் எழுதிய ஒரு கடிதத்துக்காக நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் எந்தப் பெயர் அவருடையது என்றுதான் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அந்தச் சீட்டை மனைவிக்கு ஒரு சொல் விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். பிறகு டாக்டர் சொன்னதையும், முன்பு விட்ட சொற்களோடு. "எனக்குத் தெரியும். நீங்க பொய் சொன்னா காது நுனி செவக்குது" என்றாள்.

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர் என்றேன். 212-ஐ விட்டு, நிழல் தெரிகிற 211-ஐயும் 213-ஐயும் பெரிதாக்கி, புதிய படத்தைப் பக்கத்தில் வைத்து, அளந்தார். மறுபடி அளந்தார். அதே நிழல். அதே அளவு. எட்டு வருடமாக அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை இருவரும் போனோம். மாமியாரைத் தவிர மற்ற தட்டுகள் வெளியே நீண்டிருந்தன. மனைவிதான் சொன்னாள். "அக்கா, அது அப்படியே பழசுதானாம். வெட்ட வேண்டாம்னுட்டாங்க."

அக்கா தலையை ஆட்டினார். அவருடைய கணவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"சிடியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம். உங்களுக்கு இடைஞ்சலா இருக்க வேண்டாம்" என்றேன்.

"இடைஞ்சல் என்ன" என்றபடி ஒரு வரி தட்டினார். மாமியாரின் தட்டு வந்தது. அதற்குள் எங்கள் சிடி இருந்தது. மெல்ல எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, சன்னலில் சாய்த்துப் பார்த்தார். "இன்னும் நாலு கட்டம் வரணுமே தம்பி. தினம் காலையில கேட்டுட்டுத்தான் இருக்கேன். நேத்து ஒண்ணு வர மாதிரி இருந்துச்சு."

திரும்பத் தட்டில் வைத்தார். தட்டு உள்ளே போயிற்று. டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.