குப்பைக்கு நின்ற வரிசை

குலதெய்வத்தின் மேல் சத்தியம், நான் ஓட்டிய டிராக்டரின் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள். ஊரில் எந்த வீட்டில் மீன், எந்த வீட்டில் சண்டை என்று முதலில் தெரிகிற ஆள் குப்பை வண்டிக்காரன்தான். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நான் அந்த ஆளாக இருந்தேன். கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, "வண்டி வருமா, வராதா" என்று தெருமுனையைப் பார்த்து நின்றவர்களுக்கு என் பாடு தனியாக விளக்க வேண்டாம்.

மணி

டிராக்டர் வரும்வரை குப்பை அள்ளியது தள்ளுவண்டியில். மேட்டுத் தெருவில் அதைத் தள்ளித் தள்ளிப் பேச்சிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பேச்சிதான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி. அவள் குரல் கேட்டால் மில் சங்கு வெட்கப்படும். டிராக்டர் வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்தவளும் அவள்தான். சனங்களோ பழைய பழக்கத்தில் ஓடையிலேயே கொட்டினார்கள். சுகாதார ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். "பங்குனி பிறந்தா தண்ணிக் கஷ்டம். அதுக்குள்ள ஓடையும் குப்பைக் கிடங்கும் சுத்தமாகலைன்னா இந்த டிராக்டர்ல தண்ணித் தொட்டியை மாட்டிருவேன். நீங்க பழையபடி வண்டியத் தள்ளுங்க."

பேச்சி பழைய இரும்புக் கடையில் ஒரு வெண்கல மணியைப் பிடித்து வந்து டிராக்டரில் கட்டினாள். மணி அடித்தால் கூடையோடு வரவேண்டும் என்பது ஏற்பாடு. மார்கழி விடியலில் அடித்தோம். தெருவே திரண்டு வந்தது, தேங்காய் பழத் தட்டோடு. சாமி புறப்பாடு என்று நினைத்துவிட்டார்கள். நான் வண்டியைத் திருப்பப் பார்த்தேன். பேச்சி அசரவில்லை. முதல் தட்டை வாங்கி, டிராக்டருக்கு முன்னால் தேங்காயை உடைத்து, ஒரு மூடியைத் திருப்பிக் கொடுத்து, "தினம் வருவோம் ஆச்சி. குப்பைதான் காணிக்கை" என்றாள். அந்த ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "முன்னாலயே சொல்லக்கூடாதா? வீட்டைக் கூட்டாம வந்து நிக்கேன்."

நாய்

மில்காரர் வீட்டு வெள்ளை நாய் யாரையும் வாசலில் அண்டவிடாது. நம்மூர் நாயைப் பற்றி நான் சொல்லியா தெரியவேண்டும்? ஆனால் மணிச் சத்தத்துக்கு அது பழகிவிட்டது. ஒருநாள் கூடையைத் தானே கவ்விக்கொண்டு வந்து, பேச்சியின் காலடியில் வைத்து, காலிக் கூடைக்காகக் காத்து நின்றது. பிறகு தினமும் அதே வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடைப்பக்கம் கூடையோடு போனால் வேட்டியைப் பிடித்து எங்களிடம் இழுத்து வந்தது. மில்காரர்தான் கடைசியில் மூச்சு வாங்க ஓடிவந்தார். "ஏம்மா பேச்சி, நாயைப் பழக்குனது சரி. எது குப்பை, எது என் புதுச் செருப்புன்னு சொல்லிக் குடுக்கலையே."

சம்சாரி

ஓடை சுத்தமாயிற்று. ஆனால் அதெல்லாம் சேர்ந்து கிடங்கு மலையாகிவிட்டது. அள்ளினாலும் குற்றம், அள்ளாவிட்டாலும் குற்றம். பேச்சி பங்குனிக்கு நாள் எண்ணினாள்.

மகாராஜபுரத்திலிருந்து ஒரு சம்சாரி, தென்னந்தோப்பு வைத்து விவசாயம் செய்கிறவர், கிடங்குக்கு வந்திருந்தார். குப்பை மலையின் அடியில் கைவிட்டு, மக்கி எருவாகியிருந்ததில் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். "ஏலே டிரைவரு, நீங்க குப்பைன்னா மூக்கைப் பொத்துதீக. நாங்க குப்பைன்னா வண்டி கட்டுதோம்." பேச்சி அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: "கண்ணாடியும் பிளேடும் கேரி பையும் கிடந்தா ஒரு கூடைகூட எடுக்க மாட்டேன். உழுதா குத்தும்; என் மாட்டுக் காலு ரோட்டுல கெடந்து பொறுக்குனதில்ல தாயி."

ரெண்டு கூடை

பேச்சி வீடு வீடாக ஏறினாள். "ஒரு கூடை, மண்ணு திங்க; ஒரு கூடை, மண்ணு துப்ப. மாத்திப் போட்டீகன்னா நாளைக்கு உங்க கொழம்புலதான் பிளேடு கெடக்கும்." ஒரே வாரத்தில் தெருவே ரெண்டு ரெண்டு கூடையோடு வரிசை கட்டியது. மண்ணு துப்பியது பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

எங்கள் சேதி கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் துப்புரவு மேஸ்திரி ஒருவர் பார்க்க வந்தார். செத்த நேரத்தில் ஆளைக் காணோம். தேடினால், யாரிடமோ ஒரு காலி டின்னை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நிற்கிறார். பேச்சி கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மேஸ்திரி முழித்தார்: "குப்பைக்கா நிக்காக? இம்புட்டு ஒழுங்கைப் பாத்ததும் ரேஷன் மண்ணெண்ணெய் ஊத்துதாங்கன்னுல்ல நெனச்சேன்."

பங்குனி

மகாராஜபுரத்துத் தோப்பில் எங்கள் குப்பை விழுந்த பிறகு தென்னை வளர்ந்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தேங்காய் பறிக்க ஏறுகிறவர் மத்தியானச் சோற்றையும் கட்டிக்கொண்டு ஏறினார். சேதி பிளவக்கல் வரை பரவி, மாட்டு வண்டிகள் கிடங்கு வாசலில் வந்து நின்றன.

பங்குனி முதல் நாள் ஆபீசர் தண்ணித் தொட்டியோடு வந்தார். பேச்சி டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசர் கிடங்கைப் பார்த்தார். வெறும் தரை. "குப்பை எங்கே?" என்றபடி வண்டிகளைத் தாண்டி முன்னால் நடந்தார். அந்தத் தென்னந்தோப்புக்காரர் சாட்டைக் கம்பைக் குறுக்கே நீட்டி மறித்தார்: "சார், ஆபீசர்னாலும் வரிசையில வாங்க. டிராக்டரு கொண்டுவாரதே கொஞ்சம், காலையிலருந்து நிக்கோம்."

தொட்டி வந்த வழியே திரும்பிப் போனது.

ஊர் வேண்டாமென்று கொட்டியதை ஊரே வரிசையில் நின்று கேட்கவைத்தவள் பேச்சி; நான் ஸ்டியரிங்கைப் பிடித்ததோடு சரி, ஆனால் அந்தச் செருப்பு கிடைத்ததா என்று மில்காரர் வீட்டில் இன்னும் விசாரிக்கிறார்களாம், ஆகையால் இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.