கண்ணாடி வீட்டில் அம்மா எடுத்த கவாத்து

இந்த ஊரில் வெயில் சுடாது. ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் நானும் ஏமாந்திருக்கிறேன். இப்போது அம்மாவின் முறை. ஜன்னலில் பளிச்சென்று அடித்த வெயிலைப் பார்த்துக் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் சேலையோடு வாசலுக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். "என்னடி வெயிலு இது, பாக்க மட்டுந்தானா?" என்று சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் சூட்டை எடுத்து ஒளித்து வைத்ததைப்போல.

என் தலைப்பிரசவத்துக்காக வந்திருந்தாள். முறைப்படி நான்தான் எங்கள் மலையூரான சாந்தன்பாறைக்குப் போயிருக்க வேண்டும். விடுப்பு, விசா என்று ஆயிரம் தொல்லை. அதனால் தாய்வீடு விமானம் ஏறி என்னிடம் வந்தது. ஏலத்தோட்டத்து மழையிலும் மூடுபனியிலும் இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவளுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று லயத்து வீடுதோறும் ஜம்பம் அடித்துவிட்டுக் கிளம்பியவள், இங்கே ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு காலையில் தீர்ப்பும் சொன்னாள். "டிக்கெட்டை முன்னால மாத்திப் போட்டுரு. ஆஸ்பத்திரியில எல்லாம் அவுகளே பாத்துக்கிருவாகன்னு மாப்பிள்ளையே சொல்றாரு. நான் எதுக்கு இங்க வெறைச்சுப்போய்க் கெடக்கணும்?"

எனக்கோ அவள் இல்லாமல் பிரசவ அறைக்குள் போவதை நினைக்கவே பயமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வேலைக்கு வந்து, சம்பாதித்து, தனியாகவே எல்லாம் சமாளிப்பேன் என்று பீற்றிக்கொண்ட வாயாயிற்றே. சொல்வதற்குப் பதிலாகச் சூழ்ச்சி செய்தேன். நகரப் பூங்காவில் ராணி காலத்துக் கண்ணாடி வீடு ஒன்று இருக்கிறது. இரும்புச் சட்டமும் கண்ணாடிக் கூரையுமாக ஒரு மாளிகை, உள்ளே வெப்பநாட்டுச் செடிகள். நம் மலையில் தேயிலையைக் கொண்டுவந்து நட்டவர்கள், நம் மலையைக் கொஞ்சம் பெயர்த்து வந்து இங்கே கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டார்கள். அம்மாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் ஊர் நினைப்புத் தணியும் என்பது என் கணக்கு.

கதவைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அடித்தது. அம்மா ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் தோளில் போட்டாள். வாழையைப் பார்த்தாள், மிளகுக்கொடியைப் பார்த்தாள், அப்புறம் ஒரு மூலையில் நின்ற ஏலச்செடியைப் பார்த்தாள். தட்டைகளில் காய்ந்த சருகு தொங்கியது. "அடப்பாவிகளா, காஞ்சதை உரிச்சுக் கவாத்தே எடுக்கலையேடி!" என்றவள், நான் கையைப் பிடிப்பதற்குள் செடிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகியாயிற்று. சர்ரு சர்ரென்று சருகு உரிந்து விழுந்தது. ஊரில் காய்ந்ததை விட்டுவைத்தால் வேலை வாங்கும் கங்காணி வைவார். அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது.

பச்சைச் சட்டை போட்ட ஊழியர் ஓடி வந்தார். குரல் உயரவில்லை, இவர்கள் திட்டுவதுகூட 'தயவுசெய்து' என்றுதான் தொடங்கும். செடியை அரிக்கும் பூச்சிகளைத் தின்பதற்கென்று வேறு பூச்சிகளை விட்டிருக்கிறார்களாம். அவை குடியிருப்பது அந்தச் சருகுக்குள்தானாம். அம்மா ஒரு குடியிருப்பையே காலி செய்துவிட்டாள்.

"என்னடி சொல்றாரு?"

"நல்லா வேலை செய்றியாம். இவ்வளவு நாள் நீ இல்லாம செடி தவிச்சுப் போச்சாம்."

"உங்கம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஊழியர்.

"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன். இரண்டு பக்கமும் சமாதானம் பண்ணிவிட்டதாக எனக்குள் ஒரே குஷி.

அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து சேலையை உதறினாள். "வையிற மூஞ்சி எனக்குத் தெரியாதாடி? எத்தனை கங்காணியைப் பாத்தவ நான். எதுக்குப் பொய் சொன்ன?"

மாட்டிக்கொண்டேன். அதற்குமேல் வேடம் போட முடியவில்லை. "நீ போயிருவியோன்னுதான்மா. நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அம்மா என்னையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருந்தா, இங்க வந்து வெள்ளைக்காரன்கிட்ட வசவு வாங்கியிருப்பனா?" என்றாள். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "கெட, இருக்கேன்."

கிளம்பும்போது சாந்தன்பாறையிலிருந்து சித்தி அழைத்தாள். அங்கே காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறதாம். கதவைத் திறந்தபடி அம்மா வாசற்படியிலேயே நின்று பேசினாள். முதுகில் உள்ளிருந்து வந்த சூடு, முகத்தில் வெளியே பெய்த பனித்தூறல். "குளிரா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க மழை உண்டுமா? கூட்டாளிக யார் யாரு வந்தாளுக?" என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. ஊழியர் மறுபடியும் வந்து கையைக் காட்டி ஏதோ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"சூடு வெளிய போகுதாம், கதவைச் சாத்தணுமாம், அதானே? சாத்துறேன்னு சொல்லு. உள்ள நின்னு சாத்தவா, வெளிய நின்னு சாத்தவான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."