சுண்டுவிரலுக்கு ஒரு ஸ்தோத்திரம்

சபையாரே, என் வலக்கையைப் பாருங்கள்! இன்று காலையும் இந்தக் கையால் இடியப்பம் பிழிந்துவிட்டுத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாரிகாலம். மட்டக்களப்புப் புளியந்தீவில் இரண்டு தேநீர்க் கடைகளுக்கு நான்தான் இடியப்பம் கொடுத்துவந்தேன். கணவர் தவறிய பிறகு என் இரண்டு பெண்பிள்ளைகளும் என் கையை நம்பித்தான் இருந்தார்கள். அந்தக் கையிலேதான் வந்தது வினை.

முதலில் விரல்கள் விறுவிறுத்தன. பிறகு மரத்துப்போயின. இடியப்ப உரலை அழுத்தினால் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் மின்னல் ஓடும். ஒரு ஞாயிறு, திருவிருந்தில் கிண்ணம் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. வெள்ளைச் சேலையெல்லாம் திராட்சரசம். ஆண்டவரே என்னைத் தள்ளிவிட்டார் என்று வீட்டுக்கு வந்து குமுறி அழுதேன்.

"இது பாரிசவாதம்கா, இனிக் கை வராது" என்றாள் பக்கத்து வீட்டு மச்சாள். எண்ணெய் போட்டு உருவி, துணியால் இறுக்கிக் கட்டினாள். கட்டக் கட்ட நோவு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். டாக்டரும் அதையே சொல்லிவிட்டால் என் பிள்ளைகளுக்கு யார் கதி?

எங்கள் போதகரம்மா ஜெபிக்க வந்தார். "முதல்ல இரிக்கிறதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு புள்ள" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா இரிக்கி? அஞ்சில சுண்டுவிரல் ஒண்டுதான் உணர்ச்சியோட கிடக்கு!"

"அப்ப அதுக்குச் சொல்லு."

சொன்னேன், வேண்டாவெறுப்பாக. "ஆண்டவரே, சுண்டுவிரலுக்கு ஸ்தோத்திரம்." மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு பயமும் விட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "சுண்டுவிரலும் மரக்குதோ?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா! அதுக்குத்தானே மூண்டு நாளா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிரிக்கன்!"

அவர் சிரித்தார். "அப்ப இது பாரிசவாதம் மாதிரித் தெரியேல்லை அம்மா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது! மணிக்கட்டுக்குள் ஓர் ஒடுங்கின வழி இருக்கிறதாம். அதனூடே போகிற நரம்பு நெரிபடுகிறதாம். அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லையாம். வருசக்கணக்காக உரலை அழுத்தியதில் உள்ளே வீங்கியிருக்கும் என்றார்.

"உரலுக்குள்ள மா நெரிபடுறாப்போலவோ ஐயா?"

"அதேதான்!"

மச்சாள் கட்டிய கட்டை அவிழ்த்தார்கள். மணிக்கட்டு மடங்காதபடி ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டினார்கள். உரலைத் தொடவே கூடாது என்றார்கள். மச்சாள்தான் எனக்காகப் பிழிந்தாள். ஊசியும் போட்டார்கள். அப்படியும் முழுதாக அடங்காததால், கடைசியில் உள்ளங்கையடியில் சின்னதாகக் கீறி நரம்புக்கு இடம் விட்டார்கள்.

தையல் பிரித்துச் சில கிழமை கழித்து, பெருவிரலால் என் சின்னவளின் கன்னத்தைத் தொட்டேன். சூடு தெரிந்தது! அல்லேலூயா என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்து அழுதுவிட்டாள்.

இப்போது கையை மாற்றி மாற்றி, ஆறுதலாகத்தான் பிழிகிறேன். போன ஞாயிறும் திருவிருந்துக் கிண்ணத்தை இதே கையால் வாங்கினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

உங்களுக்கும் ஏதோவொன்று மிஞ்சியிருக்கும். முதலில் அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பிறகு பயப்படாமல் டாக்டரிடம் போங்கள். நான் முணுமுணுத்த ஜெபத்தை ஆண்டவர் அந்த டாக்டரின் வாயில் கேள்வியாக வைத்திருந்தார்.