பட்டன் அக்காவும் நீலப் பொட்டும்

பட்டன் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் பதினாலு வருஷமாகச் சட்டைக்குப் பட்டன் வைக்கிறாள். இதுவரை வைத்த பட்டன்களை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, நடந்தே திரும்பி வந்துவிடலாம். கம்பெனியில் ஒரே சட்டம்தான். பட்டன் இல்லாத சட்டை வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சூப்பர்வைசர் கத்துகிற கத்தலில் மிஷின்கள் ஆள் இல்லாமலே ஓடும். அதனால் பட்டன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் போதும், அக்காவின் கை அவளைக் கேட்காமலே அங்கே போய்விடும்.

அவள் தெருவுக்குப் பின்னால்தான் நகரத்துக் குப்பை மேடு. மூன்று வருஷமாக உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருக்கிறது. தெருவில் புகை எந்த அளவு என்றால், ஒருவர் மேல் மோதி, மன்னிப்புக் கேட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்த பிறகுதான் அது மின்கம்பம் என்று தெரியும். அக்காவின் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் 'சின்னது' என்று கூப்பிடுவார்கள். ராத்திரி முழுக்க இருமும். "புகை நிக்கணும், இல்லன்னா புள்ளைய வேற எடத்துக்கு மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்ற வேறு இடம் எங்கே இருக்கிறது? குப்பை அதிகாரியின் ஆபீசுக்கு மனுவோடு ஆறு முறை நடந்தாள். ஆறு முறையும் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றார்கள்.

இதற்கிடையே ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் அக்காவைக் கண்டுபிடித்துக் கூட்டங்களுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். முதல் கூட்டத்தில் அக்கா மகளைப் பற்றிச் சொல்லி அழுதாள். அரங்கமே அழுது, தரையைத் துடைக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். ஆறாவது கூட்டத்தில் "எம்பொண்ணு ராத்திரியெல்லாம் இருமுறா" என்பதை, பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கினாள். அழுகை எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தேடவும் இல்லை.

ஏழாவது கூட்டம், இளம் சுற்றுச்சூழல் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் சந்திப்பு. கிளம்பும்போது நாத்தனார் சின்னதுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, தலைவி கெளம்பியாச்சா? கார் எங்க, வாசல்ல நிக்குதா? புகையில தெரியல."

"சும்மா இருடி. இன்னிக்கு அந்தக் குப்பை ஆபீசர் வர்றாராம்."

"வந்து?"

"ஆளுக்கு மூணு நிமிஷம் எதிர் எதிர்ல உக்காந்து பேசணுமாம். அதான் ரூல். மனுவ கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிடுவேன்."

"இதுவரைக்கும் அவரு நாற்காலியத்தான் பாத்திருக்கோம். அதுல ஆள் உக்காருமான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

சின்னது இருமி முடித்துவிட்டுக் கேட்டது. "அம்மா, அங்க ஏசி இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எனக்கும் சேத்து ரெண்டு மூச்சு இழுத்துட்டு வா."

"சரி" என்றாள் அக்கா, பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் சொல்கிற அதே குரலில்.

அரங்கத்தில் அப்படி ஒரு குளிர். காலநிலை மாற்றத்தை அவர்கள் உள்ளேயே தனியாக உண்டாக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டினார்கள். அட்டையின் மூலையில் பொட்டு மாதிரி ஒரு வட்ட ஸ்டிக்கர். பாதிக்கப்பட்டவர்களுக்கு மஞ்சள். இளம் தலைவர்களுக்குப் பச்சை. அன்றைக்குப் பசுமைப் பரிசுக்கு ஆளையும் ஊரையும் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கு நீலம். இதெல்லாம் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. ஏழாவது கூட்டத்துக்கு வருகிறவள் சுவரையா படிப்பாள்?

கை கழுவப் போன இடத்தில் அக்காவின் மஞ்சள் பொட்டு தண்ணீர் பட்டுத் தொட்டிக்குள் போய்விட்டது. அட்டையின் மூலை காலியாக இருந்தது. அவளுக்குக் கை குறுகுறுத்தது. வெளியே வந்தால், தரையில் யாரோ தவறவிட்ட பொட்டு ஒன்று. எடுத்தாள், ஒட்டினாள், நாலு ஓட்டைப் பட்டன் மாதிரி கட்டைவிரலால் நாலு முறை அழுத்தினாள். இனி அட்டை கிழியும், பொட்டு கழலாது. அது மஞ்சளா நீலமா என்று அவள் பார்க்கவில்லை. கம்பெனியில் கலர் பார்ப்பது வேறு செக்‌ஷன்.

உள்ளே நுழைந்ததும் ஒருத்தி ஓடிவந்தாள். "ஐயோ மேடம், நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். ஏழாவது தடவை வந்தால் பதவி உயர்வு போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. பச்சைப் பொட்டுப் பையன் ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அதில் அவள் வீட்டு வாசல் தெரிந்தது. வாசலில் சின்னது, வாயில் துணி கட்டிக்கொண்டு.

"மேடம், இந்தத் தெருவுல எழுபது குடும்பம் புகையில தவிக்குது. நான் அவங்களோட குரல்."

"நாப்பத்தொரு வீடு, தம்பி."

"மேடம் நல்லா ஸ்டடி பண்ணியிருக்கீங்க!" என்று குறித்துக்கொண்டான். "இந்தக் குழந்தையோட கண்ணப் பாருங்க. இந்த ஒரு போட்டோதான் என் வாழ்க்கைய மாத்திச்சு."

அக்கா பார்த்தாள். பின்னல் கோணலாக இருந்தது. நாத்தனாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"நடுவரா இருக்கறது கஷ்டம் இல்ல மேடம்? எல்லாருமே நல்லா பண்றோம், யாருக்குன்னு குடுப்பீங்க?" என்றான் எழுந்துகொண்டே.

அப்போதுதான் அவள் தன் அட்டையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு அரங்கத்தைப் பார்த்தாள். மஞ்சள் வரிசை அந்தக் கோடியில் இருந்தது. அங்கே தொண்டு நிறுவனத்துப் பெண் கழுத்தை நீட்டி அவளைத் தேடிக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டையில் பதவியைப் பெரிதாகப் போட்டிருந்த குப்பை அதிகாரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நகரத்துக்குப் பசுமைப் பரிசு கேட்டு வந்தவருக்கு அங்கே என்ன வேலை? நீல வரிசையிலேயே ஒவ்வொரு நாற்காலியாகத் தாவி, இப்போது அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தார்.

அக்கா பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். பிய்த்தால் அந்தக் கோடிக்குப் போக வேண்டும், அவர் வரமாட்டார். நகத்தை எடுத்துவிட்டாள்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது, எனக்கென்னவோ கூட நாலைந்து இருந்திருக்கும் என்று சந்தேகம்.

"வணக்கம் மேடம்! எங்க குப்பை மேடு இப்ப பூங்கா மாதிரி. பட்டாம்பூச்சியெல்லாம் வருது."

"புகை?"

"புகையா? அது பனி மேடம். காலையில கொஞ்சம் பனி விழும்."

மனு அவள் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் இவர் அடுத்த நொடியே மீட்டிங்குக்குப் போய்விடுவார். அக்கா பையை மூடினாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் அங்கதான் இருப்பேன்."

அதிகாரிக்கு இரண்டு பல் மறைந்தது. "நாளைக்கேவா? நேர்லயா?"

"நேர்லதான்."

மணி அடித்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அவள் அங்கே இல்லாமல் வேறு எங்கே இருப்பாள்?

மறுநாள் விடியும் முன்பே தெரு அதிர்ந்தது. முப்பது மண் லாரி, பத்துத் தண்ணீர் லாரி, நூறு ஆள். கடலையே குழாய் போட்டு இழுத்து வந்து ஊற்றிய மாதிரி ஊற்றினார்கள். அதன்மேல் மண்ணைக் கொட்டினார்கள். மூன்று வருஷத்துப் புகை இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. எதிர் வீட்டுச் சுவர் பச்சை நிறம் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழு மணிக்கு அதிகாரி பூங்கொத்தோடும் போட்டோக்காரரோடும் இறங்கினார். பட்டன் அக்கா நைட்டியில், குடத்தோடு, தண்ணீர் வரிசையில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. நடுவர் மேடம் வர்ற நேரம்."

"அண்ணி, உன்னத்தான் கூப்பிடறாரு" என்று நாத்தனார் இடித்தாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லியாகிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதிகாரியின் சட்டையில் இரண்டாவது பட்டன் நூலில் தொங்குவதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போனாள். நைட்டிக்கு மேல் அட்டையை மாட்டிக்கொண்டு, மனுவோடு வந்தாள்.

"வந்துட்டேன் சார்."

அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். தெருவே சுற்றி நின்றது. போட்டோக்காரர் ஒன்றும் புரியாமல், "சார், மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார். அதிகாரி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு என் எதிரிக்குக்கூட வரக் கூடாது.

"நேத்து ஏன் சொல்லல?" என்றார் பல்லுக்குள்ளேயே.

"நீங்க கேக்கலையே சார். இங்க ஒரு கையெழுத்து."

மேட்டில் இனி தீ எரிய விடமாட்டோம் என்ற வரிக்குக் கீழே, போட்டோவுக்குச் சிரித்தபடியே போட்டுக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் சின்னது மூன்று மணி நேரம் இருமாமல் தூங்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வந்தால் உட்கார இடம்கூட விட்டு வைத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் காலையில் மேட்டு உச்சியில் நூல் மாதிரி ஒன்று எழும்பியது.

"அண்ணி, பனி விழுது" என்றாள் நாத்தனார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. உள்ளே சின்னது இருமியது.

அக்கா கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னாள். ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கையெழுத்துப் போட்ட மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

"சார் மீட்டிங்ல..." என்று ஆரம்பித்த ஆபீஸ் பையன் அட்டையைப் பார்த்தான். பேப்பரில் சார் சிரித்த போட்டோவில் பக்கத்தில் தொங்கிய அதே அட்டை. பாதியில் நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். இந்த ஆபீசில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை. உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

கோபம் வருகிறதா என்று அக்கா கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். இருமல்தான் வந்தது. ஓரம் லேசாக எழும்பியிருந்த நீலப் பொட்டைக் கட்டைவிரலால் நாலு முறை அழுத்திவிட்டு எழுந்தாள்.