பதினோரு குழந்தைகளுக்கு மறு ஊசி

எண்பதுகளின் கடைசி. அயனம்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் நான் கிளினிக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. புது டாக்டர் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தலைக்கு மேல் இருந்தது.

சுற்றிலும் அம்பத்தூர் எஸ்டேட் ஃபாக்டரிகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள். கைக்குழந்தையோடு பஸ் ஏறி அரசு சுகாதார நிலையத்துக்குப் போக முடியாமல் பல பேர் தடுப்பூசி போடாமலே விட்டுவிடுவார்கள். அதற்காக அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. என்னைப் போன்ற தனி டாக்டர்களுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுப்பார்கள். நாங்களும் காசு வாங்காமல் போட்டுவிட்டு, குழந்தையின் பெயரையும் விலாசத்தையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்து நர்ஸ் ஐஸ் பெட்டியில் மருந்து கொண்டுவருவார். என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும், "ஜில்லுன்னு இருக்கணும் சார், ஆனா உறையக் கூடாது" என்பார். எனக்கே பாடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தக் கோடையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மருந்து சூடாகிவிடுமே என்று ஃபிரிட்ஜில் குளிரைக் கூட்டும் திருகை முழுசாகத் திருப்பி வைத்தேன். மறுநாள் பார்த்தால், தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்து கல்லாக உறைந்து கிடந்தது. வெளியே எடுத்து வைத்தேன். இளகிப் பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கே பதினோரு குழந்தைகளுக்குப் போட்டும் விட்டேன்.

பத்து நாளில் நர்ஸ் வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்ததும் திருகு முழுசாகத் திரும்பியிருந்தது அவர் கண்ணில் பட்டது. மீதமிருந்த பாட்டிலையும், தான் கொண்டுவந்த புது பாட்டிலையும் குலுக்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது கலங்கலாகவே நின்றது. என்னுடையது சற்று நேரத்தில் திரிதிரியாக அடியில் படிந்து, மேலே தண்ணீராகத் தெளிந்துவிட்டது.

"உறைஞ்சிடுச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். உறைந்த மருந்துக்கு வீரியம் இல்லை. தொண்டை அடைப்பானும் கக்குவானும் குழந்தைகளைக் கொண்டுபோன காலம் அது. பதினோரு தாய்மார்கள், பிள்ளைக்கு இனி பயமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் விலாசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. "வாங்க சார், புது மருந்து இருக்கு, இன்னைக்கே போட்டுடலாம்" என்று அவரே கிளம்பினார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார்.

முதல் வீட்டு அம்மா சிரித்த முகமாக, "இன்னா டாக்டரே, ஊடு தேடி வந்துகீறீங்க?" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "கவர்மென்ட் மருந்து கொஞ்சம் கெட்டுப்போச்சும்மா, மறுபடி போடணும்" என்றேன்.

வந்ததே கோபம் அவருக்கு! "ஓசில குடுக்கும்போதே நெனச்சேன். அன்னிக்கு போட்டதுக்கே புள்ள ரெண்டு நாளு ஜுரத்துல கத்திக்கினு கெடந்துச்சு. உங்க கவர்மென்ட் ஊசியே வோணாம், போங்க!" என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அதுவும் என்னை அல்ல, நர்ஸை. வெள்ளைப் புடவையில் நின்ற அவர்தானே அங்கே கவர்மென்ட்! அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "அம்மா, மருந்து நல்ல மருந்துதான். நான்தான் உறைய வச்சுக் கெடுத்துட்டேன். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "அப்ப நீயே போடும்மா. இவரு வோணாம்" என்று பிள்ளையை நீட்டினார்.

மற்ற பத்து வீடுகளிலும் வாசலிலேயே என் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். திட்டியவர்களும் உண்டு, மோர் கொடுத்தவர்களும் உண்டு. பொழுது சாய்வதற்குள் பதினோரு பேருக்கும் ஊசி போட்டாயிற்று. எனக்கு இனி மருந்து தரமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் சில நாளில் சுகாதார நிலையத்திலிருந்து, ஃபிரிட்ஜுக்குள் வைக்க ஒரு தெர்மாமீட்டர்தான் வந்தது.

அந்த முதல் வீட்டு வாசலில் ஒரே வார்த்தையில் அந்த நர்ஸ் தப்பித்திருக்கலாம். நானாக ஒப்புக்கொள்ளட்டும் என்று, எனக்கு விழ வேண்டிய திட்டைத் தான் வாங்கிக்கொண்டு நின்றாரே, அந்த அரை நிமிஷத்தை இன்றைக்கும் கைகூப்பித்தான் நினைத்துக்கொள்கிறேன்.